ரோமாபுரிக்கே தெரியாத வருஷம்

பெண் கொடுக்கப்போகிற மனிதரிடம் வாலிபர்கள் அவிழ்த்துவிடும் புளுகுகள் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். 'நன்றாகப் பாடுவேன்' என்பான். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அவனைப் பாடச் சொல்வதில்லை. 'காவேரியில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்துவேன்' என்பான். யாரும் பிடித்துத் தள்ளிப் பார்ப்பதில்லை. என் புளுகுக்கு அந்த யோகம் இல்லாமல் போயிற்று. அதைச் சுண்ணாம்பில் குழைத்து, நீல வர்ணம் அடித்து, திருச்சிராப்பள்ளி புத்தூரில் தெருவோடு போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி ஒரு வீட்டின் நெற்றியில் ஒட்டிவைத்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெயர் சவரிமுத்து. இண்டர்மீடியட் வரை படித்தவன். (தேறினேனா என்று கேட்கக் கூடாது. 'வரை' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.) டவுனில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. சொத்து என்று சொன்னால் ஒரு கோட்டு, ஒரு குடை. இந்த லட்சணத்தில் மரவாடி அருளப்பரின் மகள் பிலோமினாவைக் கோயிலில் பெண்கள் பக்கத்தில் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் என் காதில் விழவில்லை.

அருளப்பர் பணக்காரர். தேக்கு மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர். அந்தக் குறை அவர் மனசில் ஆணி மாதிரி இருந்தது. மணப்பாறைப் பக்கம் நஞ்சையும் புஞ்சையுமாக வைத்திருந்த ஒரு பையனை வேண்டாம் என்று தள்ளிவிட்டு என்னைப் பார்க்க வந்ததற்குக் காரணம் என் இண்டர்மீடியட்தான்.

"எனக்கு எழுத்து வாசனை கிடையாது மாப்பிள்ள. வீட்டுக்குப் படிச்ச ஆம்பள ஒருத்தர் வேணும். இங்கிலீஷ் தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"லத்தீன்?"

சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்கிற பையனாக இருந்திருக்கிறேன். சாமியார் லத்தீனில் ஒன்று சொன்னால் நாங்கள் லத்தீனில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில், "அதுவும் தெரியும் மாமா" என்றேன். அருளப்பர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருந்தால் நீங்களும் கூடவே கிரேக்கமும் தெரியும் என்று சொல்லியிருப்பீர்கள்.

நிச்சயம் பேசி முடிந்தது. இனி கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிப்பதற்குத்தான் எங்களில் ஓலை என்று பெயர். அதற்கு முன்னால் அருளப்பர் புத்தூரில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைச் சாமியாரைக் கொண்டு மந்திரித்துக் குடிபோக வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் கண்டோன்மெண்டுப் பக்கம் ஏதோ ஒரு பங்களாவின் முகப்பைப் பார்த்துத் தொலைத்தார்.

"அதுல வருஷத்தை நம்ம நம்பர்ல போடல மாப்பிள்ள. எழுத்து எழுத்தாப் போட்டிருக்கான். கேட்டா லத்தீன் நம்பர்ங்கறாங்க. நம்ம வீட்டுக்கும் அப்படித்தான் போடணும். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா கொத்தனார் சுதையில செஞ்சிடுவாரு."

"அதுக்கென்ன மாமா, இதோ" என்று கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டேன். ரோமன் எண்ணில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் கடிகாரத்தில் இருந்த பன்னிரண்டுதான். C என்றால் நூறு, M என்றால் ஆயிரம் என்று பள்ளிக்கூடத்தில் எப்போதோ காதில் விழுந்திருந்தது. நடுவில் L, D என்று இரண்டு பேர் ஐம்பதும் ஐந்நூறுமாகக் குடியிருக்கிற சங்கதியே தெரியாது. வீடு கட்டிய வருஷமோ 1934. கடிகாரத்தில் 1934 மணி அடிப்பதில்லை.

ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். காலையில் கேட்டால் சாயங்காலம் புத்தூருக்குச் செய்தி போய்விடும். ஆகவே பக்கத்து நாற்காலி ரங்கராஜனைப் பிடித்தேன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன், என் வயதுதான், தமிழ் எண்களில் புலி. அவனோடு ஸ்ரீரங்கம் போய், அம்மாமண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து என் துக்கத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயா இப்படி முழிக்கறே?" என்று சிரித்தான். "அவாளும் மனுஷாதானேடா சவரி. ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்ங்கறது லோகம் பூராவும் ஒண்ணுதான். தமிழ்ல நாம எப்படி எழுதறோம்?"

கீழே இறங்கி ஈர மணலில் விரலால் ௲௯௱௩௰௪ என்று எழுதினான். இந்த எண்களை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆயிரத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி உண்டு. எத்தனை நூறோ அந்த எண்ணை நூறுக்கு முன்னால் போட வேண்டும். எத்தனை பத்தோ அதைப் பத்துக்கு முன்னால். ஆயிரம், ஒன்பது நூறு, மூன்று பத்து, நான்கு. வாயால் சொல்கிறபடியே கையால் எழுதுவது.

"இப்போ அதுக்குக் கீழேயே உங்க எழுத்தைப் போடு. ஆயிரத்துக்கு M. ஒன்பதுக்கு உன் கடிகாரத்துல என்ன இருக்கு?"

"IX."

"போடு. நூறுக்கு C. மூணுக்கு III, பத்துக்கு X, நாலுக்கு IV. அவ்வளவுதான். பெருமாள் கிருபையில முடிஞ்சுது!"

மணலில் MIXCIIIXIV என்று நீளமாக, கம்பீரமாகக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. ரோமாபுரிக்காரன் கண்டுபிடித்ததை ஒரு கத்தோலிக்கனும் ஒரு ஐயங்காரும் காவேரிக் கரையில் உட்கார்ந்து அரை மணியில் கண்டுபிடித்துவிட்டோமே! (ரோமாபுரிக்காரன் முப்பதுக்கு X-ஐ மூன்று தடவை வரிசையாக நிறுத்துவான் என்றோ, தொள்ளாயிரத்துக்கு CM என்று போடுவான் என்றோ எங்களுக்குச் சொல்ல அந்தப் படித்துறையில் யார் இருந்தார்கள்?) ரங்கராஜனுக்குக் காப்பியும் ரவா தோசையும் வாங்கிக் கொடுத்தேன். அந்த ரவா தோசை இன்னும் என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் தாளில் எழுதிக் கொடுத்தேன். கொத்தனார் முகப்பை அண்ணாந்து பார்த்தார், தாளைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எழுத்து ஜாஸ்தியா இருக்குங்களே. எடம் பத்தாது. ஒண்ணு ரெண்டைக் கொறைச்சுக்கலாமா?"

"லத்தீனில் கை வைக்கக் கூடாது" என்றேன் கண்டிப்பாக. பாவம், அந்த மனுஷர் இரண்டு ஓரத்திலும் இருந்த சுதைக் கிளிகளை இடித்துவிட்டு இடம் பண்ணினார்.

வீடு மந்திரிக்கும் நாள் வந்தது. வாழை மரம், மேளம், உறையூரிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் சொந்தக்காரர்கள், மரவாடி ஆட்கள் என்று தெரு நிறைந்திருந்தது. சாமியார் வந்து இறங்கினார். எல்லாரும் தோத்திரம் சொன்னார்கள். தீர்த்தச் செம்போடு வாசற்படியில் கால் வைக்கப்போனவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. எங்கள் சாமியார் லத்தீனிலேயே சாப்பிட்டு லத்தீனிலேயே தூங்கி எழுந்தவர் என்பதை அந்த நிமிஷம் வரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட மூளை எனக்கு!

"என்ன அருளப்பா இது?"

"வருஷம் சாமி. லத்தீன்ல. மாப்பிள்ளையே எழுதிக் குடுத்தாரு. அவருக்கு லத்தீன் தண்ணி பட்ட பாடு" என்றார் என் மாமனார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"அப்படியா?" என்று சாமியார் என் பக்கம் திரும்பினார். அத்தனை பேருக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தபடி லத்தீனில் ஏதோ கேட்டார்.

ஒரு எழுத்தும் புரியவில்லை. எனக்கு முன்னே சாமியார். சாமியார் வாயில் லத்தீன். அவர் சொல்லி நிறுத்தியிருக்கிறார். என் புத்தி மரத்துப் போயிருந்தாலும் நாக்கு மட்டும் பூசைப் பையனாகவே இருந்தது. கைகளைக் குவித்துக்கொண்டு, கணீரென்று, "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "சாமிகிட்டயே லத்தீன்ல பேசுறாருடி!" என்று ஒரு அம்மாள் சொன்னது தெளிவாகக் கேட்டது. அருளப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டார். அவர் தோள்கள் குலுங்கின. மந்திரிக்கும்போது என் மேல் மட்டும் தீர்த்தத்தை மிகத் தாராளமாகத் தெளித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கொல்லைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். "நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'இதை எழுதிய கழுதை நீதானா, மகனே' என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா?"

"தெரியாது சாமி."

"'உம்முடைய ஆவியோடும் இருப்பதாக' என்றாய்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். புதுக் கொல்லை, நன்றாகக் கெட்டித்திருந்தார்கள்.

"நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்றார் சாமியார், இந்த முறை சிரிக்காமல். "ஆனால் ஞாயித்துக்கிழமை முதல் ஓலை. அதுக்குள்ள நீயே உன் மாமனாரிடம் சொல்லிடணும். படிப்பை நம்பித்தான் அவர் பெண்ணைத் தர்றார். சொல்லலேன்னா ஓலை என் மேசையிலேயே கிடக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் வரை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சொன்னால் பிலோமினா மணப்பாறைக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஓலையே இல்லை. அவளை இழந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமில்லை. கடைசியில் கால்கள் தாமாகவே புத்தூருக்கு நடந்தன.

அருளப்பர் கூடத்தில் இருந்தார். "வாங்க மாப்பிள்ள, காப்பி சாப்பிடுங்க" என்றார். நின்றபடியே உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"அப்ப மேல எழுதியிருக்கறது எந்த வருஷம்?"

"அது வருஷமே இல்லீங்க மாமா."

"அன்னைக்குச் சாமிகிட்ட நீங்க லத்தீன்ல சொன்னது?"

"பூசையில சொல்ற பதில் மாமா."

"சாமி உங்களைக் கேட்டது?"

"அதைச் சொல்லாம விட்டா நல்லது மாமா."

"சொல்லுங்க!"

சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "படிச்சவன்னு நம்பி, என் வீட்டு நெத்தியிலயே..." என்று ஆரம்பித்தபோது, உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கிப் பார்த்து, முடியாமல், மறுபடி வெடித்து, மூச்சுத் திணறி, பாத்திரம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிலோமினாவின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது அப்படித்தான்.

"உள்ளே என்ன சிரிப்பு!" என்று அதட்டினார் அருளப்பர். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

"அவ ஆத்தா செத்ததுலேர்ந்து இந்தப் பொண்ணு சிரிச்சு நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இனிமே இவளை வேற எடத்துல குடுத்தாலும் பிரயோசனமில்ல. அங்கே போயும் இதை நினைச்சு நினைச்சுச் சிரிப்பா. மாமியாக்காரி அடிச்சுத் தொரத்திடுவா. காப்பி ஆறுது, குடிங்க."

மறுநாள் ஓலை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முகப்பை இடித்துத் திருத்தலாமா என்று நான் கேட்டதற்கு, "இடிச்சா ஊருக்கே தெரிஞ்சுபோகும். பேசாம இருங்க" என்றுவிட்டார் மாமனார். கான்வென்டில் படித்த பிலோமினா கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்கு L, D இரண்டையும் அறிமுகப்படுத்தி, ரோமன் எண்களை ஒழுங்காக எழுத வைத்தாள். தப்பு வந்தால் குழம்பில் உப்பு இருக்காது.

பன்னிரண்டு வருஷம் கழித்து மாமனார் படுக்கையில் விழுந்தார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கல்லறைக் கல்லுல வருஷம் நீங்கதான் எழுதணும் மாப்பிள்ள. நம்ம வீட்டு எழுத்துல."

"இப்ப எனக்குச் சரியாவே எழுதத் தெரியும் மாமா."

"சரியா எழுத ஊருல ஆயிரம் பேரு இருக்கான்" என்றார். "எனக்கு நம்ம வீட்டு எழுத்துதான் வேணும். தெருவுலேர்ந்து வரும்போதெல்லாம் அதை அண்ணாந்து பாப்பேன். எம் பொண்ணு சிரிச்சது காதுல கேக்கும்."

அவர் போனபிறகு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக எழுதத் தெரிந்துகொண்ட ஒருவன் தப்பாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை தானாக MCMXLVI என்று போகப் பார்த்தது. அழுதுகொண்டே அதை அடித்துவிட்டு MIXCIVXVI என்று எழுதினேன். பிலோமினா வாங்கிச் சரிபார்த்தாள்.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, காலேஜ் மாணவர் ஒருவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுல வருஷத்தைத் தப்பா வெட்டியிருக்காங்க" என்றார்.

"தெரியும் தம்பி" என்றாள் பிலோமினா. "எங்க அப்பா கேட்டு வாங்கினது."

கூட வந்திருந்த எங்கள் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என்னைப் பற்றி யார் குறை சொன்னாலும், வாங்கி வந்த கத்தரிக்காயில் புழு இருந்தாலும், ரயிலைத் தவறவிட்டாலும், தாயும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பிலோமினா நிதானமாகச் சொல்வாள்: "என்ன செய்யறது? எங்க அப்பா கேட்டு வாங்கினது."