சொல்லாத ஸ்காக்

மானுட விடுதலை வரலாற்றில், இந்தோனேசியாவின் சோலோ நகரத்து எங்கள் தெருவின் 'சதுரங்கச் சொல் தூய்மைக் குழு'வுக்கு உள்ள இடத்தை எவரும் மறுக்க முடியாது. நான் அதன் செயலாளர். ஆகவே மறுக்கவே முடியாது.

சுதந்திர தினப் போட்டியில் அன்னியச் சொல் ஒன்றுகூட ஒலிக்கலாகாது என்று தலைவர் பாக் சுவந்தோனோ, அதாவது சுவந்தோனோ ஐயா, முழங்கினார். பொரித்த சோயா தெம்பே தந்த தெம்பில் ஆராயத் தொடங்கினோம். ராஜா, மந்திரி, யானையாகிய கஜா மூவரும் சமஸ்கிருதம், வெளியேற்றினோம். சிப்பாயான 'பிடாக்' அரபு. எங்கள் குதிரையான 'குடா', வாலை நறுக்கிக்கொண்டு உங்கள் தமிழ்ப் பக்கமிருந்து கப்பலேறியதாகச் சந்தேகம், கட்டிப்போட்டோம். கோட்டை மட்டும் தேறியது. அரசனை மிரட்டும்போது சொல்லும் 'ஸ்காக்', டச்சுக்காரன் விட்டுப்போனது. உடனடித் தடை, மாற்றுச் சொல் 'பரிசீலனையில்'.

வாய்விட்டுச் சொல்லாத மிரட்டல் செல்லாது என்பது எங்கள் தெரு விதி. அதைத் தொடவில்லை. மரபு புனிதமல்லவா?

இறுதியாட்டத்தில் தலைவரும் சலவைக்கடை இபு வினார்சியும், அதாவது வினார்சி அம்மாவும், மோதினார்கள். பரிசு ஓர் ஆடு. பிறந்த மகளின் பெயர்சூட்டு விருந்துக்கு அந்த ஆட்டைத்தான் இபு நம்பியிருந்தார். பெயர் நிறுத்திவைக்கப்பட்ட காய் ஒன்றை நகர்த்தினார். தலைவரின் அரசனுக்குப் போக்கிடமில்லை.

"என்னங்க இபு, ஒண்ணும் சொல்லலியே?" என்றார் தலைவர், கனிவாக.

"சொல்லக் கூடாதுன்னீங்களே, பாக்."

"பழசைத்தான். புதுசைச் சொல்லுங்க."

"புதுசு எது?"

"குழு இன்னும் முடிவு பண்ணலை."

"அப்ப உங்க ராஜா செத்தாரா, இல்லையா?"

"ராஜாவையே வெளிய அனுப்பியாச்சே. இல்லாத ஆள் எப்படிங்க சாவான்?"

நகர்த்தல் செல்லாது, ஆடு தலைவருக்கே என்று நான் அறிவித்தேன். இபு சிரித்தபடி எழுந்தார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் அப்படித்தான்.

"பாக், நீங்க உக்காந்திருக்கிறதுக்குப் பேரு என்ன?"

"குர்சி."

"அரபுச் சொல்லுங்க. எழுந்திருங்க."

தலைவர் எழவில்லை. அவர் அமர்ந்தபடியே குழு அவசரமாகக் கூடி, நாற்காலிகள் ஆய்வு வரம்புக்குள் வாரா என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மாலையில் விருந்து. செயலாளருக்குத் தொடைக்கறி.

தலைவரைக் காப்பாற்றத்தான் சொற்களை வெட்டினோம் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அரைகுறைத் தகவல். ஆட்டையும் வெட்டினோம்.