குடையோடு ஜெபித்தவர்

கடவுளிடம் கேட்டு ஒரு தடவைகூடத் தோற்காத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரை நான் பார்த்தது மலைக்குகையிலோ மடத்திலோ அல்ல. மேற்கு ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்து விடுதி ஒன்றின் இரண்டாவது மாடியில், பொதுச் சமையலறைக்கு எதிர் அறையில். அறுபதுகளின் கடைசி வருஷங்கள். நான் அங்கே இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, படித்துக்கொண்டிருப்பதாக மாயவரத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் மாணவர் இல்லை. தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கிற நாசரேத்துக்காரர். மிஷன் உதவியில் லேத் வேலைக்கு மேற்பயிற்சி பெற வந்திருந்தார். முப்பத்தைந்து வயது, ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளத்துக்கு இருந்தது. அதை அழைக்க யாருக்கும் மூச்சு இல்லாததால் விடுதியில் இருந்த நாங்கள் நான்கு தமிழர்களும் அவரைச் சித்தம் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம்.

பெயருக்குக் காரணம் அவருடைய ஜெபம். அது இரண்டு பாகங்கள் கொண்டது. முதல் பாகத்தில் அற்புதம் கேட்பார். கெஞ்சல் எல்லாம் கிடையாது. ரேஷன் கார்டை நீட்டிச் சர்க்கரை கேட்கிறவர் மாதிரி உரிமையோடு கேட்பார். இரண்டாம் பாகம் ஒரே வரி. "ஆனாலும் உம்முடைய சித்தமே நடக்கட்டும், ஆண்டவரே." கேட்டது நடந்தால் அற்புதம். நடக்காவிட்டால் சித்தம். எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக வக்கீல் தொழில் பார்த்த குடும்பங்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு மனு எழுத வராது.

முதல் கோடையில் சர்ச்சிலிருந்து காட்டுப் பக்கம் பிக்னிக் போனார்கள். ஓசிச் சாப்பாடு என்றால் எனக்கு மதவேறுபாடு கிடையாது, நானும் போனேன். கிளம்பும்போது அண்ணாச்சி கண்ணை மூடி, இன்று ஒரு துளி மழை விழக்கூடாது என்று ஆண்டவருக்குத் தெரிவித்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த நாசரேத் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மரக்கைப்பிடி போட்ட, மூன்று பேர் குடியிருக்கக்கூடிய கறுப்புக் குடை.

"என்ன அண்ணாச்சி, மழை வராதுன்னு கேட்டாச்சே. அப்புறம் குடை எதுக்கு? ஃபெய்த் இல்லையா?"

"விசுவாசம் என்னுது வே. வானம் அவருதுல்லா."

மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பாதிரியார் நனைந்தார், பாடகர் குழு நனைந்தது, உருளைக்கிழங்கு சாலட் நனைந்தது. அண்ணாச்சி ஒருவர்தான் நடுவில் காய்ந்துபோய் நின்றுகொண்டு, சித்தத்தைக் குறித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஈரத்தோடு ஈரமாக நான் அவரைச் சபித்தது அவருக்குக் கேட்டிருக்காது.

அடுத்தது என் பரீட்சை. வாய்மொழித் தேர்வு. நான் உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவிலேயே என் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஜெர்மன் பையன்கள் எனக்கு ஏதோ தலைநோய் என்று நினைத்து ஓரடி விலகி நின்றார்கள். பேராசிரியரின் இருதயம் இளகவேண்டும் என்று கேட்டார். அது எனக்கே நியாயமாகப் படவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. முடிவு தெரிந்தது: பேராசிரியருக்கு இருதயம் இருந்ததாக அடையாளம் இல்லை. வாடிப்போய் அறைக்குத் திரும்பினால், கதவிடுக்கில் ஒரு காகிதம். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கும் படிவம். அன்று காலையிலேயே வாங்கி, என் பெயர், பதிவு எண், பாடம் எல்லாம் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்.

"நான் ஃபெயில் ஆவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீரு பாஸாவீருன்னு முழுசா நம்பினேன். ஃபாரம் கடைசித் தேதி இன்னைக்கின்னு போட்டிருந்துச்சு. அதான் வாங்கிட்டு வந்தேன்."

ஒரு ஜனவரியில் விடுதியின் வெந்நீர்க் கொதிகலன் நின்றுபோயிற்று. வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. அண்ணாச்சி இரண்டு ஸ்வெட்டரும் மங்கி குல்லாயும் போட்டு, என் கம்பளியையும் இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு, கொதிகலன் குணமாகவேண்டும் என்று ஜெபத்தில் உட்கார்ந்தார். மறுநாள் பழுதுபார்க்கும் ஆள் வந்தான். "அற்புதம் நடந்துச்சு பாத்தீரா?" என்றார்.

"விடுதி மேடம் போன் பண்ணினாங்க, அவன் வந்தான். இதுல அற்புதம் எங்கேர்ந்து வந்தது?"

"மேடத்துக்கு யாரு ஞாபகப்படுத்துனா?"

நான் பழிக்குப் பழி வாங்க ஆரம்பித்தேன். அந்த ஒற்றை வரியை அவர் குரலிலேயே, அவர் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொல்லிக் காட்டுவேன். ட்ராம் தாமதமானால் சொல்வேன். ரொட்டி கருகினால் சொல்வேன். குளியலறை வரிசையில் என் முறை தள்ளிப்போனால் சொல்வேன். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணாச்சியும் சிரிப்பார். சிரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும் வே," என்று திருத்திக் கொடுப்பார். அதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. அற்புதத்தை நம்புகிறவன் முட்டாள். சித்தம் என்று சொல்லித் தப்பிக்கிறவன் கெட்டிக்காரன். இரண்டும் சேர்ந்தவர் அண்ணாச்சி. இருபத்திரண்டு வயதில் எல்லோருக்கும் ஒரு கொள்கை இருக்கும்.

மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் அவர் விழுந்தார். பாதை வழுக்கக்கூடாது என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கனத்த கையுறையும் மங்கி குல்லாயும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினார். ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது. தலை தப்பியது, கை தப்பியது. இடது கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

கட்டுப்போட்டார்கள். ஒரு வாரத்தில் காயத்தில் சீழ் பிடித்தது. அண்ணாச்சியின் ஜெர்மன், லேத் மெஷினோடு பேசுவதற்குத்தான் போதும். அதனால் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. வியாழக்கிழமை வரை பார்ப்போம், அதற்குள் சீழ் இறங்கினால் கால் தப்பிக்கும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரமாயிற்று. எத்தனையோ பரீட்சையில் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன், பதில் தெரிந்தும் சொல்ல வாய் வராமல் நின்றது அன்றுதான்.

அண்ணாச்சி கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தார். லேத் வேலை என்பது நாளெல்லாம் நின்று செய்வது. ஊருக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பட்டறை போடவேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"கால் தப்பிச்சா அசனம் போடுதேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேன்," என்றார். "அரிசி வாங்கி வையும்."

பொருத்தனை என்றால் நேர்த்திக்கடன். அசனம் என்பது அவர்கள் பக்கத்துச் சர்ச் வழக்கம். பண்டிகை நாளில் சபையே வரிசையாக உட்கார்ந்து, பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் ஒரே பந்தியில் கறிச்சோறு சாப்பிடுவார்கள். டார்ம்ஸ்டாட்டில் அப்போது அரிசி, பாலில் போட்டுக் கிண்டுவதற்காகச் சின்னச் சின்னப் பாக்கெட்டில்தான் கிடைத்தது. நான் இருபது பாக்கெட் எடுத்தேன். உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கடைக்கார அம்மாள் பரிவோடு கேட்டாள்.

புதன்கிழமை மாலை பார்வை நேரத்துக்குப் போனேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அண்ணாச்சி இந்தத் தடவை எதையும் எடுத்துவைக்கவில்லை. ஊன்றுகோல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதிவைக்கவில்லை. ஃபாரம், கம்பளி, குல்லாய் ஒன்றும் இல்லை. குடை இல்லாமல் வெளியே கிளம்பிவிட்ட அண்ணாச்சியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கண்ணை மூடி ஜெபித்தார். முதல் பாகம் நீண்டுகொண்டே போனது. "நான் நின்னு வேலை செய்யணும் ஆண்டவரே. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீரு நெனச்சா இப்பமே முடியும்." பிறகு, "ஆனாலும்" என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். வரி வரவில்லை. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"வரமாட்டேங்கு வே."

"என்ன வரல?"

"அந்த வரி. மூணு நாளா வாயில வரமாட்டேங்கு. நீருதான் தெனமும் சொல்லுவீருல்லா. எனக்காக ஒருக்கச் சொல்லும்."

நான் வாயைத் திறந்தேன். கருகின ரொட்டிக்கும் தாமதமான ட்ராமுக்கும் சரளமாகச் சொன்ன வரி அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தலையைச் சாய்க்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். கட்டுக்கு வெளியே தெரிந்த அவருடைய கால்விரல்களைப் பார்த்தேன். கருத்திருந்தன. எனக்கும் வரவில்லை. இதையா தப்பித்துக்கொள்ளும் வரி என்று இத்தனை நாள் கேலி செய்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"என்னால முடியல அண்ணாச்சி. கால் வேணும்னு மட்டும் கேட்டுக்கலாமே."

"சரி, நீரு கேளும்."

கேட்டேன். யாரை எப்படி அழைத்துக் கேட்பது என்று தெரியாததால் மேலே பார்த்து, "கால் வேணும்," என்றேன். அவ்வளவுதான். கிழவர் ஆப்பிள் துண்டு ஒன்றை எனக்கு நீட்டினார்.

வியாழக்கிழமை சீழ் இறங்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அறுவை அறைக் கதவுக்குப் பத்தடி முன்னால், அண்ணாச்சி கையைத் தூக்கினார். நர்ஸ் நிறுத்தினாள். அவர் அந்த வரியைச் சொன்னார். கனமான மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறவர் மாதிரி, இடையிடையே மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் முழுக்க வியர்த்திருந்தது. என்ன சொல்கிறார் என்று நர்ஸ் என்னைக் கேட்டாள்.

"போகலாம் என்கிறார்," என்றேன்.

காலை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பேசக்கூடிய நிலைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அரிசி எத்தன பாக்கெட் வாங்கினீரு?"

"இருபது. ஆனா கால்தான் போயிடுச்சே. பொருத்தனை எப்படிச் செல்லும்?"

"அரிசி வாங்கியாச்சுல்லா. பூச்சி பிடிக்க விடச் சொல்லுதீரா?"

எனக்குக் கோபம் வந்தது. "இதுலயும் ஒரு அற்புதம் நடந்துச்சுன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டே விட்டேன். நர்ஸை அனுப்பினது யாரு, கத்தியைத் தீட்டினது யாரு என்று ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"இல்ல வே," என்றார். "கேட்டேன். தரல. எனக்கும் வருத்தம்தான். நேத்து முழுக்க அவருகிட்டச் சண்ட போட்டேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஆனா பேச்ச நிறுத்தல."

மூன்று வருஷத்தில் நான் அவரிடம் ஒரு வாதத்தில் ஜெயித்தது அன்று ஒரு நாள்தான். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் அசனம் வைத்தார். இரண்டு தெரு தள்ளி, சர்ச்சை ஒட்டிய கூடம். பால்சோற்று அரிசி குழைந்து களியாகிவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஊர்ப் பொடி போட்டிருந்ததால், ருசி பார்த்த விடுதி மேடம் கண்ணீரோடு ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். மற்றவர்கள் அண்டாவோடு முன்னால் போய்விட்டார்கள். அண்ணாச்சியை அழைத்துப்போவது என் பொறுப்பு. செயற்கைக்கால் இன்னும் தயாராகவில்லை. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல்.

அறை வாசலில் நின்று, கூடம் போய்ச் சேரும்வரை தன்மேல் ஒரு துளி மழை விழக்கூடாது என்று கேட்டார். ஆனாலும் உம்முடைய சித்தமே என்று முடித்தார். வரி இப்போது சரளமாக வந்தது. பிறகு பழக்கத்தில் ஆணியில் தொங்கிய குடையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். ஊன்றுகோலை ஊன்றிப் படியிறங்கிவிட்டார்.

ஜெர்மனியில் ஏப்ரல் வானத்தை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள். நான் திரும்பிப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். தெருமுனை திரும்புவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன். அவர் ஊன்றுகோலை எட்டிவைக்கும் வேகத்துக்கு நடக்கவேண்டும், கைப்பிடி அவர் காதில் இடிக்கக்கூடாது, அது ஒரு தனிப் பயிற்சி. பாதி வழியில் அண்ணாச்சி நின்றார். தெருவில் மழைநீர் ஓடுவதைப் பார்த்தார். அப்புறம் தன் காய்ந்த சட்டையைப் பார்த்தார். மருத்துவமனைக்குப் போனதிலிருந்து நான் காணாத பழைய சிரிப்பு முகத்தில் வந்தது.

"பாத்தீரா வே. என்மேல ஒரு துளி விழல."

என் வலது தோளிலிருந்து தண்ணீர் ஒழுகிச் செருப்பு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. இதற்குத் தோதாகச் சொல்ல என்னிடம் நாலு பதில் இருந்தது. குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.