மேடைதோறும் சாகிற மாப்பிள்ளை

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்,
அக்டோபர் 1957.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் அழகப்பன் வணங்கி எழுதிக்கொள்வது.

இந்த இடத்தில் நான் நலமாக இருப்பதாக எழுதுவது முறை. எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் நீங்களும் அக்காவும் கண்மணியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

தரகர் கொண்டுவந்த தங்கராஜு என்ற பையனைப் பற்றி, வெளியே தெரியாமல், தீர விசாரித்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, வயது முப்பது, தாய் தகப்பன் இல்லை, சிங்கப்பூர்க் கலையுலகில் நல்ல பெயர் என்று தரகர் சொன்னதாகவும், சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, அதன் கலையுலகம் எவ்வளவு பெரிதாக இருந்துவிடும், நாலு மாலைப்பொழுதில் சுற்றிப் பார்த்துவிடலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே, கண்மணிக்கு வயது இருபத்தேழு ஆகிறது, இரண்டு இடம் கைகூடி வந்து நின்றுபோயிற்று, இதுவும் நின்றால் இனி யார் முன்னாலும் காப்பித் தட்டோடு வந்து நிற்கமாட்டேன் என்கிறாள் என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பெரிய பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்களே, நான் கடையில் வெண்டைக்காய் வாங்கினாலே முற்றலாகத்தான் அமைகிறது.

ஆனாலும் முறையாகவே தொடங்கினேன். முதலில் இலக்கியம், அடுத்தது இசை, கடைசியில் நாடகம் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். இலக்கியக் கூட்டம் ஒரு மசாலா ஆலையின் மாடியில் நடந்தது. காலமான ஒரு பெரியவருக்காக ஒருவர் இரங்கற்பா வாசித்தார். கூடியிருந்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்தார்கள். தமிழுக்கு இவ்வளவு வலிமையா என்று வியந்தேன். கீழே மிளகாய் அரைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் நானும் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. இசைக் கச்சேரியில் ஒலிபெருக்கி மிருதங்கத்துக்கு மட்டும் வேலை செய்தது; பாடியவரின் வாயசைவை வைத்து ராகத்தை ஊகித்தோம். இரண்டு இடத்திலும் தங்கராஜு இல்லை. ஆனால் பெயரைச் சொன்னதுமே எல்லோர் முகமும் மலர்ந்தது. "தங்கராஜுவா? நாடகத்துல சாவாரே, அவர்தானே?" என்றார் ஒருவர். "நல்லா சாவாரு சார். சிங்கப்பூர்லயே அவர் மாதிரி சாகுறதுக்கு ஆள் கிடையாது லா" என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை பார்க்க வந்தவன் இதைக் கேட்டுவிட்டு என்ன பதில் சொல்வது? "அப்படியா, சந்தோஷம்" என்றேன். பிறகு சந்தோஷம் என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

முதல் நாடகம் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு வாலிபர் மன்றத்தில். தங்கராஜு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளி. கங்காணியின் கொடுமை தாங்காமல் மூன்றாம் காட்சியில் பால்மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். அவருடைய மனைவியாக வந்த பெண் அவர் காலைக் கட்டிக்கொண்டு, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றி, ஒப்பாரி வைத்தாள். கலை வேறு, வாழ்க்கை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அத்தான், நம் கண்மணிக்குப் பார்க்கிற பையனுக்கு ஊர் அறிய ஒருத்தி ஏற்கனவே தாலி அறுத்துவிட்டாளே, இது சாஸ்திரத்தில் எந்த இடத்தில் வரும்? அது போக, அந்தப் பெண் காலைக் கட்டிக்கொண்ட விதத்தில் ஒரு நெடுநாள் பழக்கம் தெரிந்தது. அதையும் விசாரிப்பது என் கடமையல்லவா? திரைக்குப் பின்னால் போய், அந்த அம்மாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "நாந்தான் சார், என்ன வேணும்?" என்று சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பீடியோடு ஒருவர் எழுந்து நின்றார். அப்துல் கஃபார், பஃப்ளோ சாலையில் ஜவுளிக்கடை. "தங்கராஜுவுக்குப் பொண்ணு குடுக்கப் போறீங்களா? தாராளமா குடுங்க. ஏழு வருஷமா அவருக்குப் பொண்டாட்டியா இருக்கேன், ஒரு நாளு கை நீட்டினதில்ல" என்றார். வெளியே தெரியாமல் விசாரிக்கும்படி நீங்கள் சொன்னது அத்துடன் முடிந்தது.

இரண்டாவது நாடகத்துக்குப் போனபோது, ஒரு மரியாதைக்காக என் பழைய அலுவலகக் கோட்டைப் போட்டுக்கொண்டு குடையோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அதுதான் தவறு. நாடகத்துக்குத் தலைமை தாங்குகிறவரை இங்கே பாதியில் மேடையேற்றி மாலை போட்டுப் பேசவைப்பது வழக்கம். அன்றைக்குத் தலைமை தாங்க வேண்டியவர் வந்து சேரவில்லை. செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். அதில் கோட்டுப் போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. மேடையில் அப்போதுதான் தங்கராஜு காசநோயால் இறந்து கட்டிலில் கிடக்கிறார். திரை பாதியில் சிக்கிக்கொண்டதால் பிணத்தை மறைக்க வழியில்லை. அதன் தலைமாட்டில் ஒலிபெருக்கியை வைத்துப் பேசச் சொன்னார்கள். நான் கலையின் பெருமையைப் பற்றித் தொடங்கினேன், ஆனால் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முடிக்கத் தெரியாததால் மேலே மேலே பேசினேன்.

"சார்," என்றது பிணம், உதட்டை அசைக்காமல். "சீக்கிரம் முடிங்க. எறும்பு கடிக்குது."

நான் குனிந்து, "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். வேறு எப்போது கேட்பது, அத்தான்? ஆனால் ஒலிபெருக்கி அன்றைக்கென்று நன்றாக வேலை செய்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "பெரியவரே, செத்தவன்கிட்ட ஊர் கேட்டு என்ன செய்யப் போறீங்க? கடுதாசி போடவா?" என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. கட்டிலில் கிடந்தவருக்கு வயிறு குலுங்கியது. கஃபார் மட்டும் விடாமல் ஒப்பாரி வைத்துக்கொண்டு, இடையிடையே என் கோட்டைப் பிடித்து இழுத்து, "இறங்குங்க லா, இறங்குங்க" என்றார். மாலையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் தெரிந்தவர்கள் இருவர் வணங்கினார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இனி எழுதப் போவதை அக்கா இல்லாத நேரத்தில் படியுங்கள்.

மூன்றாவது நாடகம் செம்பவாங் கப்பற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். போய் உட்கார்ந்த பிறகுதான் கதை யுத்த காலத்துச் சயாம் ரயில் பாதையைப் பற்றியது என்று தெரிந்தது. எழுந்துபோக நினைத்தேன், ஆனால் நடுவரிசையிலிருந்து அத்தனை பேர் முழங்காலைத் தாண்டிப் போகக் கூச்சமாக இருந்தது. ஆகையால் பார்த்தேன். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவனாகத் தங்கராஜு வந்தார். வாந்திபேதி. மற்ற நாடகங்களைப் போல மார்பைப் பிடிக்கவில்லை, வசனம் பேசவில்லை. ஒரு மூங்கில் கழியைப் பிடித்தபடி குந்தியிருந்தார். அவிழ்ந்த வேட்டியை முடிந்துகொள்ளக் கை போயிற்று. பாதி முடிச்சில் நின்றது. அவ்வளவுதான். கஃபாருக்கு அன்றைக்கு வேஷமே இல்லை. கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த மனிதர் தன் வேட்டி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு நம் மருதப்பன் நினைவு வந்தது. அவன் பெயரை நான் உங்களுக்கு எழுதிப் பதினான்கு வருடம் ஆகிறது. இருபத்தொரு வயதில் ஜப்பான்காரன் லாரியில் ஏறிப் போன உங்கள் மகன். செய்தியும் இல்லை, உடலும் இல்லை. அமாவாசைக்கு எல்லோர் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம்; அவன் பெயர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். இறைத்தால் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும் என்று அக்கா விடவில்லை. நானும் அதைச் சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை.

நாடகம் முடிந்ததும் தங்கராஜு என்னைத் தேடி வந்து கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனார். முகத்தில் பூசியிருந்த சாம்பல் நிறம் பாதி அழிந்திருந்தது.

"தம்பி, நீங்க ஏன் எல்லா நாடகத்துலயும் செத்துப்போறீங்க?" என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்குச் சாகத் தெரியல சார். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு சுத்து சுத்தி, அம்மான்னு கத்திட்டு விழுவாங்க. அப்படி யாரும் சாகுறதில்ல. பதினாறு வயசுல என்னையும் அப்பாவையும் சேர்த்துத்தான் பிடிச்சிட்டுப் போனாங்க. நான் மட்டும் வந்தேன். பார்த்தவன் நான். தப்பா செஞ்சா எனக்குப் பொறுக்கமாட்டேங்குது."

"ஈப்போ மருதப்பன்னு…" என்று தொடங்கினேன்.

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எங்க முகாம்ல மருதப்பன்னு ரெண்டு பேரு இருந்தாங்க. எந்த ஊருன்னு நான் கேட்டுக்கல சார். ரெண்டு பேரும் திரும்பல."

அத்தான், பையனிடம் ஒரு குறையும் இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, பேச்சில் பணிவு இருக்கிறது. மேடையில் அவர் சாவை நான் கெடுத்தது பற்றி, எறும்பைத் தவிர யார்மீதும் அவர் குறை சொல்லவில்லை. ஆனாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து. இவர் நம் வீட்டு மாப்பிள்ளையாகத் தீபாவளிக்கு வந்து உட்காருவார். சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா ஒரு நாள், "அங்க எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்பார். இவருக்குப் பொய்யாகச் சாகவே தெரியாது. பொய் சொல்ல எங்கே தெரியப் போகிறது? சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அக்காவின் கதி என்ன? பதினான்கு வருடமாக வாயை மூடிக் காப்பாற்றி வந்திருக்கிறோம். ஒரு மகளுக்காக அதைத் திறக்கலாமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். கேட்ட ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. கடைசியாக வந்ததை எழுதியிருக்கிறேன். கண்மணி என்னை மன்னிக்க வேண்டும்.

பையனிடமும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல மனம் வராமல், ஜாதகம் பொருந்தவில்லை என்றேன். "எனக்கு ஜாதகமே கிடையாதே சார்" என்றார். "அதனால்தான் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய் எடுக்க முகமில்லை.

ஆகையால் வேறு இடம் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மூட்டுவலி குறையவும், தோட்டத்து வாழை நல்ல குலை தள்ளவும், கண்மணிக்குச் சீக்கிரமே ஒரு நல்ல காலம் பிறக்கவும் வேண்டிக்கொண்டு, இவ்வளவில் நிறுத்துகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
அழகப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிக்குப் புறப்பட்டபோது வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. அக்காவும் கண்மணியும் இறங்கினார்கள். அவர்கள் கோலாலம்பூரில் மூத்தவள் வீட்டில் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து கோபிக்க வேண்டாம், எனக்கும் முன்கூட்டித் தெரியாது. "உங்கிட்ட ஒரு வேலைய விட்டா வேணாம்னுதான் எழுதுவே, எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பிரித்து, நின்றபடியே படித்தார். நீங்கள் தனியே படிக்க வேண்டிய பகுதியையும் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்த நாடகம் மறுபடி எப்ப?" என்று கேட்டார்.

சனிக்கிழமை இருந்தது. மூவரும் போனோம். அக்கா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் நேராக மேடை ஓரத்துக்குப் போனார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

"கடைசியில தண்ணி கேப்பாங்களா தம்பி?"

"கேப்பாங்கம்மா."

"யாராச்சும் குடுப்பாங்களா?"

"இருந்தா குடுப்போம்மா."

அக்கா அந்தச் சாம்பல் பூசிய கையைப் பிடித்துக்கொண்டார். "குடுப்போம்னு சொல்றான், கேட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து, பின்கட்டுக் குழாயடியில் கட்டிய சேலையோடு தலைமுழுகினார். அப்புறம்தான் அழுதார். கண்மணிதான் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்று காலை அவள் என்னிடம், "மாமா, கல்யாணத்துக்கு அப்புறமாவது ஒரு நாடகத்துல கடைசி வரைக்கும் உயிரோட இருப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கேட்டேன். நான் சொன்ன ஜாதகத்தை மறந்துவிட்டு, முயற்சி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எனவே மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். மருதப்பனுக்குக் காரியம் செய்ய வேண்டும். அது முடிந்ததும் தட்டு மாற்ற வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பொறுக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "பதினாலு வருஷம் பொறுத்தாச்சு" என்கிறார் அக்கா. நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். கூடத்தில் மாட்டியிருக்கும் மருதப்பன் படத்தைக் கழற்றி எடுத்து வாருங்கள். அதன் நீளத்தையும் அகலத்தையும் முன்னதாகத் தந்தியில் தெரிவித்தால், மாலைக்கு இங்கேயே சொல்லிவைத்துவிடுவேன்.