கோர்ட் ஏறிய சினிமா நோட்டு

இந்தப் பத்திரிகையில் சினிமா விமரிசனம் எழுதும் ஐயா, நீங்கள் பொய் எழுதுகிறீர்கள். போன வாரம் ஒரு படத்தைப் பற்றி, பார்த்தால் கல்லும் கரையும் என்று எழுதினீர்கள். நீங்கள் கரைந்தீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. படம் பார்த்தபோது தனக்கு என்ன ஆயிற்று என்று நாணயமாக எழுதி வைத்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் பத்திரிகைக்காரர் அல்ல. அரியலூர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர்.

மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸை வைத்து ஊர் அவருக்கு வைத்த பெயர் அவுன்ஸ். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

யுத்த காலம். ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் ஒன்று கொட்டகை போட்டிருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே ஒரு மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் மற்றவர்கள் முறுக்குத் தின்றார்கள், சோடா குடித்தார்கள், மணலைக் குவித்து ஏறி உட்கார்ந்து பின்னால் இருப்பவனிடம் திட்டு வாங்கினார்கள். அவுன்ஸ் மட்டும் காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார்.

கதையை எழுத மாட்டார். யார் நடித்தார், யார் பாடினார் என்பதும் அவருக்கு வேண்டாம். அந்த ரீலில் தன் உடம்புக்கும் மனத்துக்கும் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவார். மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும். "மூன்றாம் ரீல். சிரிப்பு கால் அவுன்ஸ். கொட்டாவி நான்கு. இடது கண்ணில் நீர், ஆனால் அது பீடிப் புகையால் வந்தது, சேர்த்தி இல்லை." காகிதம் கிடைக்காத நாட்கள். பழைய காலண்டர் தாள்களின் முதுகில்தான் எழுத்து. அந்தத் தாள்களை, காயத்துக்குத் தையல் போடுவது போல முடிச்சு முடிச்சாகத் தைத்து நோட்டாக்கியிருந்தார்.

இதற்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. படத்துக்குப் போகிற நாளில் வீட்டில் வெங்காயம் நறுக்கக் கூடாது. கண்ணீர்க் கணக்கு கெட்டுவிடுமாம். ஒரு முறை சளியோடு போய்ப் படம் பார்த்துவிட்டார். சளி குணமானதும் திரும்பப் போய்ப் பார்த்து, முதலில் எழுதியதை அடித்துவிட்டார். இன்னொரு படத்தைச் சாப்பிடாமல் ஒரு நாளும் சாப்பிட்டு ஒரு நாளும் பார்த்துவிட்டு, "வெறும் வயிற்றில் சோகம் கூடுதல்" என்று எழுதினார்.

சாமி படம் வந்தபோது திரையில் சாமி தோன்றியதும் ஜனங்கள் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. அவுன்ஸ் எழுதியது: "பக்தி இல்லை. தேங்காய்த் தண்ணீர் முகத்தில் தெறித்தது. குளிர்ச்சி." இதை அவர் மனைவி படித்துவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் அவருக்கு ரசம் மட்டும்தான்.

கொட்டகை முதலாளி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே வந்து, திருமழபாடி வரைக்கும் போகிற நோட்டீஸில் போட அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டார். எனக்கு ஒத்துக்கொண்ட மருந்தை ஊருக்கே ஊற்ற முடியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார் அவுன்ஸ். விமரிசகர் ஐயா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

இனி வண்டிப்பேட்டை மேஸ்திரிக்கு வருகிறேன். மாட்டு வண்டிக்காரர்களுக்கெல்லாம் தலைவர். ஆள் கதவு மாதிரி இருப்பார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். நாடகம், பாட்டு, சினிமா என்று அலைந்தவன். மேஸ்திரி அவனை அடித்தார். அவன் கோபித்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. அன்றிலிருந்து மேஸ்திரி, தன் ஆட்களில் எவனாவது கொட்டகைப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த மேஸ்திரி மேல் கேஸ் வந்தது. திருமானூர்ப் பக்கம் ஒரு மிராசுதாரின் கரும்புத் தோட்டம், ஒரு நாள் ராத்திரி எட்டு மணி சுமாருக்கு எரிந்து போயிற்று. மிராசுதாருக்கும் மேஸ்திரிக்கும் முந்தின வாரம்தான் வாய்ச்சண்டை. பெரிய உருவம் ஒன்று ஓடியதைப் பார்த்ததாக இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அன்று ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டால், வீட்டில் படுத்திருந்தேன் என்றார் மேஸ்திரி. எவனும் நம்பவில்லை. ஜெயில் நிச்சயம் என்று ஊரே பேசியது.

நான் அப்போது கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. அவுன்ஸ் என்னைத் தேடி வந்தார். 

"அந்த ஆளு அன்னிக்கு ராத்திரி கொட்டகையில எனக்கு முன்னாடி உக்காந்திருந்தாருங்க. நோட்டுல தேதியோட இருக்கு. காட்டினா நோட்டு கோர்ட்டோட போயிரும். காட்டலேன்னா ஆளு போயிருவாரு" என்றார்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு உடனே வக்கீலிடம் ஓடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் முதலில் மேஸ்திரியிடம் போய் அனுமதி கேட்டார். அதுதான் அவுன்ஸ். மேஸ்திரி, அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தால் கையை ஒடிப்பேன் என்றார்.

"ஒடிங்க. அப்புறம் கட்டுப் போட யார்கிட்ட போவேன்? நானே தானே போட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவுன்ஸ் நோட்டோடு கூண்டில் ஏறினார்.

கோர்ட்டில் அவர் படித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "ஆறாம் ரீல். அழ வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. காரணம், முன்னால் வண்டிப்பேட்டை மேஸ்திரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். திரை தெரியவில்லை. இந்த ரீலை மறுபடி பார்க்க வேண்டும்."

கோர்ட் சிரித்தது. வண்டிக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை, பயம்.

தலையில் துண்டு போட்ட ஆளை மேஸ்திரி என்று எப்படிக் கண்டீர் என்று சர்க்கார் தரப்பில் மடக்கினார்கள்.

"முதுகுல கட்டி வந்தப்ப பதினஞ்சு நாள் மருந்து வெச்சுக் கட்டினவன் நான். அந்த முதுகு எனக்குத் தெரியாதுங்களா?"

மேஸ்திரி எழுந்து நின்றார். "பொய்யி எசமான். நான் கொட்டகையை மிதிச்சதே இல்ல. என்னை ஜெயிலுக்கே அனுப்பிருங்க."

அழுதேன் என்று சொல்வதைவிட ஜெயில் மேல் என்று நினைத்துவிட்டார் அந்த மடையர். மாஜிஸ்திரேட் அவுன்ஸைப் பார்த்து, அந்த ஆறாம் ரீலில் என்னதான் நடந்தது என்று கேட்டார். கதை எழுதுவது தன் வழக்கமில்லை என்று அவுன்ஸ் தலையைச் சொறிந்தார்.

"பிச்சைக்காரனா வந்த தம்பிக்கு, அடையாளம் தெரியாம அண்ணன்காரன் பழைய சோறு போடறானுங்க. அவ்வளவுதான்."

"பழைய சோறு இல்லீங்க." மேஸ்திரியின் குரல். "சுடுசோறு. தனக்குன்னு வெச்சிருந்த சோத்தைத்தான் எடுத்துப் போட்டான். தம்பி கையைக் கழுவறப்ப அந்தக் கையைப் பார்த்தாவது தெரிஞ்சிருக்கணும், எசமான். எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கதவு மாதிரி இருந்த மனிதர் கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியை வெகு நேரம் துடைத்தார். கேஸ் அத்தோடு முடிந்தது. மேஸ்திரி வீட்டுக்குப் போனார்.

அவுன்ஸ் போகவில்லை. நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும், கொடுங்கள் என்று என்னிடம் மல்லுக்கு நின்றார். அது கோர்ட் வசம் உள்ள சாட்சியம், ஒரு எழுத்துச் சேர்க்கக் கூடாது என்றேன். "அப்ப அந்த ரீலைப் பத்தி இருக்கறது பாதிதானே" என்று வருத்தப்பட்டார். பழைய சோறு என்று தெரிந்தே தப்பாகச் சொன்னீர்களா என்று கேட்டேன். "திரை தெரியலைன்னு எழுதியிருக்கேனே, படிக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. எத்தனை அவுன்ஸ் என்று சொல்லவில்லை.

அடுத்த படத்துக்கு மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் தெரிய வந்தார். அவுன்ஸுக்குத் திரை மறைக்கக் கூடாதென்று அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு அவுன்ஸுக்குப் பெரம்பலூருக்கு மாற்றலாயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது மேஸ்திரியின் வண்டிதான். அதை வேறு ஆளிடம் கொடுக்காமல் மேஸ்திரியே ஓட்டினார்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், எனக்கு என்ன ஆயிற்று என்று அவுன்ஸ் பக்கத்தில் நடந்தபடி கேட்பதாக நினைத்துக்கொண்டு, மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருகிறேன். அவரிடம் மட்டும் எனக்குப் பொய் சொல்ல வருவதில்லை.

விமரிசகர் ஐயா, மேஸ்திரி கூண்டில் நின்று, தன் ஆட்கள் முன்னால் ஒப்புக்கொண்டார். உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. நீங்கள் கடைசியாக அழுதது எந்தப் படத்தில், எந்த இடத்தில்? அழவே இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். இதே பத்திரிகையில், அடுத்த வாரமே, உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.