யூகேஜி வகுப்புத் தூசியும் என் டிபன் டப்பாவும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உள்ளறையில் கவியா இருமுகிறாள், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். கீழ்பென்னாத்தூரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள், ஆகவே கடிதம்.

கவியாவை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்த நீங்கள் சம்மதிக்க வேண்டும். "அப்பா பார்த்துச் சேர்த்த ஸ்கூலு, அவரு சொன்னாத்தான்" என்கிறார் உங்கள் பிள்ளை. சேர்ந்ததிலிருந்து குழந்தைக்கு இருமலும் வீசிங்கும் ஜாஸ்தி. யூகேஜி வகுப்பு மின்விசிறியில் தூசி கம்பளிபோல் தொங்குகிறது; பிள்ளைகள் தூங்கும் பாயை உதறினால் எதிர்ச்சுவர் தெரிவதில்லை. அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடும்பத்தோடு இருக்கும் என்று, மைக்ரோபயாலஜி படித்த திமிரில், தலைமையாசிரியை ஜோதியம்மாளிடம் சொன்னேன். "இன்னாம்மா நீ, இது தூசியா? கிரிவலப் பாதை மண்ணு. இத மிதிக்க ஜனங்க எங்கெங்கிருந்தோ வராங்க" என்றார். "மிதிக்கட்டும் மேடம், என் பொண்ணு நுரையீரல ஏன் சுத்தி வருது?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாளே சுத்தம் செய்தார்கள், அதுதான் கொடுமை மாமா, ஈரத்துணி இல்லை, பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை, பாடம் நடக்கும்போதே ஆயா பொன்னி ஒட்டடைக் கம்பால் விசிறியைத் தட்ட, வகுப்பே விபூதி பூசிக்கொண்டு இரும, வாட்ஸாப் குரூப்பில் ஓர் அம்மா "கவியா அம்மா கம்ப்ளெயின்ட் பண்ற வரைக்கும் எம்புள்ள நல்லாத்தான் இருந்தான்"னு போட, மீதிப் பேரெல்லாம் கை கூப்பி ஆமோதிக்க, எனக்கு ரோஷம் வந்துடுச்சு. கிருமி வளர்த்துக் காட்ட, சைனா கிராஸை, அதான் கடல்பாசியைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, டிபன் டப்பாவில் ஊற்றி, வகுப்புத் தூசியைத் தூவி மூடி வைத்தேன். ஒரே வாரத்தில் பச்சையும் கருப்புமாகத் தோட்டம். பெற்றோர் கூட்டத்தில் மேடம் மேசையில் வைத்துத் திறந்தேன். மேசை விசிறி ஓடுவதைப் பார்க்கவில்லை மாமா! பச்சைப் பொடி மேடம் புடவையில், பிஸ்கட் தட்டில், எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம். "கிருமி பரப்புறதே நீதாம்மா!" என்று வராந்தாவிலிருந்து கத்தினார் மேடம். இப்போது எனக்குக் கேட்டுக்குள் அனுமதி இல்லை. குழந்தையை வாட்ச்மேன்தான் வாங்கிக்கொண்டு போகிறார். டி.சி. கேட்கக்கூட உள்ளே போக முடியாது. நீங்கள்தான் வந்து வாங்கித் தர வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசியும் கவியாவின் மூச்சுக்கு வேண்டும்.

இப்படிக்கு, தங்கள் மருமகள்
மதிவதனி

பி.கு.: காலையில், உறையை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க நம் வீட்டுத் தூசியையும் ஒரு டப்பாவில் வளர்த்திருந்தேன், இப்போதுதான் திறந்தேன். பள்ளி டப்பா தோட்டம் என்றால் இது ஜவ்வாது மலைக் காடு. தூசி எடுத்தது கவியாவின் தலையணையில். அவள் பள்ளியில் சேர்ந்ததற்காக அத்தை, பரணில் கிடந்த இலவம்பஞ்சை அடைத்து ஆசையாகத் தைத்து அனுப்பியது. ஆகவே டி.சி. வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம், அத்தைக்கு மட்டும் இது தெரியவே கூடாது. எந்தக் கடிதத்தையும் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகத்தான் படிப்பீர்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எதுவரைக்கும் படிச்சிட்டீங்க மாமா?