ரஜீவனுக்கு ஒரு கோடு

ணங்!

பொழுதுபட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வீட்டோடு ஒட்டிய தகரக் கூரைக் கராஜில் ஒரு மோட்டார் சைக்கிளின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்த ரஜீவன் தலையை நிமிர்த்தினான். துறைமுகத்துக் கப்பல் என்றால் ஊதும், இப்படி ணங்கென்னாது. ஊருக்குள் திரிகிற மான்தான் வந்து வாளியைத் தட்டியிருக்கும் என்று முடிவெடுத்துத் திரும்பக் குனிந்தான். மான் அவன் மனைவி நிவேதிகாவின் குரலில் கத்தாது என்பது அடுத்த நிமிடம்தான் உறைத்தது.

ஓடினான்.

படுக்கையறையில் எட்டு மாதப் பிள்ளை ஏணைக்குள் நித்திரை. ஏணையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சீமெந்துத் தரையில், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர். அது தொங்கிய ஆணி சுவரில் பாதி கழன்று சரிந்து நின்றது. குசினியிலிருந்து ஓடிவந்த நிவேதிகாவின் கையெல்லாம் தேங்காய்ப்பூ.

ரஜீவன் ஸ்பானரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல காலம். ஒண்டும் ஆகேல்லை."

"ஆருக்கு?" என்றாள் நிவேதிகா.

ஸ்பானருக்கு என்று சொல்லாமல் வாயை மூடுகிற அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

எட்டு வருடமாக அவனுடைய கருவிகள் ஒரு உரச் சாக்குக்குள்தான் குடியிருந்தன. பத்தாம் நம்பரைத் தேடிக் கையை விட்டால் ஒன்பது வரும். ஒன்பதைத் தேடினால் போன வருடத்து பிஸ்கட் வரும். போதாக்குறைக்கு அயலில் யாருடைய தண்ணி மோட்டர் இறுகினாலும், "தம்பி, ஒரு அஞ்சு நிமிசம்" என்று வந்து சாக்கைக் கிளறுவார்கள். அந்த ஐந்து நிமிடம் சில வீடுகளில் மூன்று வருடமாக இன்னும் முடியவில்லை.

போன மாதம் போனில் ஒரு வெளிநாட்டுக் கராஜைப் பார்த்தான். சுவர் முழுக்கக் கருவிகள். ஒவ்வொன்றையும் சுற்றி அதனதன் உருவத்தில் ஒரு கோடு. எது இல்லையோ அதன் வெறுங்கோடு பல்லுப்போன வாய்போல் காட்டிக்கொடுக்கும். ரஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நட்டின் மூலையை வழித்துத் தள்ளுகிற மலிவுச் சாமான் அத்தனையையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டான். எட்டிலிருந்து பத்தொன்பது வரை ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் வாய் வைத்த நல்ல ஸ்பானர்கள், இடுக்குக்குள் போகிற டீ ஸ்பானர்கள், சுத்தியலால் அடித்தால் திரும்புகிற ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினான். வெள்ளைப் பெயின்டால் கோடும் போட்டான். படுக்கையறையின் நீலச் சுவரில்.

"கராஜ் எண்டு ஒண்டு இருக்கே?" என்று அப்போதே கேட்டாள் நிவேதிகா.

"கராஜுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உப்புக்காத்து வேற. இஞ்ச எண்டால் பக்கத்து வீட்டுப் புஷ்பவதியக்கா வந்து கேக்கமாட்டா."

இப்போது ஏணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "நாளைக்கு இதெல்லாம் இந்த அறையில இருக்கக்கூடாது."

"ஒரு ஆணிதானே. பெரிய ஆணியா அடிக்கிறன்."

"பெரிய ஆணியெண்டால் பெரிய ஓட்டை. இது சுண்ணாம்புச் சுவர்."

"நிவே, ஒழுங்கு எண்டால் ஒழுங்கு. ஒரு சாமானுக்கு ஒரு இடம், அந்த இடத்தில ஒரு கோடு. கோடு எங்க இருக்கோ சாமான் அங்கதான். அதை மாத்த எனக்கே ஏலாது."

"உங்களுக்கே ஏலாதோ?"

"ஓம். சட்டம்."

 அன்றிரவு நிவேதிகா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் பாய் போட்டுப் படுத்தாள். விளக்கை அணைக்கவேயில்லை. வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணி ரஜீவன் கட்டில் முழுக்கக் கைகாலை விரித்துக் குறட்டை விட்டான்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுக் கராஜிலிருந்த வாங்குப் பலகையில் ஒரு தூக்கம். எழும்பி, பழுதான மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்க்கக் குச்சவெளிக்குப் போனான். அங்கே வண்டிக்குச் சொந்தக்காரர் அலியார் நானா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, றோட்டில விழுந்தனீரோ?"

"இல்லையே நானா. ஏன்?"

"காச்சட்டைக் கரையெல்லாம் வெள்ளைக் கோடு. செத்தவனைச் சுத்திப் பொலிஸ் கீறினமாதிரி இருக்கு."

சுவரில் தேய்ந்ததாக்கும் என்று தட்டிப் பார்த்தான். போகவில்லை. பெயின்ட்.

பொழுதுபட வீடு திரும்பினான். படுக்கையறைச் சுவர் மொட்டை, பழைய கோடுகளுக்கு மேல் நீலம் பூசியிருந்தது. கராஜுக்கு ஓடினால், பலகைச் சுவரில் அத்தனை கருவியும் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு, அவன் போட்டதைவிட நேராக.  அப்போதுதான் வாங்கைக் கவனித்தான். அதிலும் ஒரு கோடு. ஒரு தலை, இரண்டு தோள், பக்கவாட்டில் சற்றே வெளியே பிதுங்கிய ஒரு வயிறு.

"இதென்ன?"

"நீங்கள்தான்," என்றாள் பிள்ளையோடு வாசலில் நின்ற நிவேதிகா. "மத்தியானம் படுத்திருக்கேக்க கீறினனான். அசையவேயில்லை."

"விசரே உனக்கு? நான் கட்டிலில படுக்கிறனான்."

"போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தான். கட்டில் விரிப்பில் சோக்கட்டியால் இரண்டு கோடு. ஒன்று பெரிது, ஒன்று சின்னன். மூன்றாவது இல்லை.

திரும்பி வந்தான். "என்ர கோடு எங்க?"

"இப்பதானே பாத்தனீங்கள். கோடு எங்க இருக்கோ அங்கதான். எனக்கும் மாத்த ஏலாது."

"நிவே, பகிடியை விடு. இந்தச் சாமானெல்லாத்தையும் கள்ளன் கொண்டுபோனால்?"

"தவராசா மேசனைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டாச்சு."

ரஜீவன் கதவை வெளிப்பக்கம் தடவினான். ஒன்றும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். புதுத் தாழ்ப்பாள் மினுங்கியது.

"உள்ளுக்கோ போட்டது?"

"வெளியால போட்டால் கள்ளன் திறப்பானெல்லோ."

"உள்ளால போட்டால் ஆர் பூட்டுறது?"

நிவேதிகா வாங்கைப் பார்த்தாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு சாண்தானப்பா. நான் நேற்றுக் கண்ணே மூடேல்லை."

அவன் பிள்ளையின் காலை ஒருதரம் தடவினான். ஆனாலும் ஆம்பிளை. "சாப்பிட்டுட்டு வாறன், ரெண்டில ஒண்டு பாக்கிறன்," என்று உறுமினான்.

"சாப்பாடு வாங்குக்குக் கீழ மூடி வைச்சிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவன் வாசலில் நின்று யோசித்தான். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் என்றைக்கும் விட்டுக்கொடுக்கவேண்டும். நேராக வீட்டுக்குள் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவது, நடப்பது நடக்கட்டும். ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான்.

வேலிக்கு மேலால் டோர்ச் வெளிச்சம் அடித்தது. புஷ்பவதியக்கா.

"தம்பி, எல்லாச் சாமானும் கராஜுக்கு வந்திட்டுதாம். நிவேதிகாதான் போய்க் கேளுங்கோ அக்கா எண்டவா. அந்தப் பதினாலாம் நம்பரை ஒருக்காத் தாருமன். அஞ்சு நிமிசம்."

அவவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு டோர்ச்சுகள் வந்துகொண்டிருந்தன.

ரஜீவன் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தானே போட்டான்.