பத்தியத்தில் இருந்த கார்

பீளமேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவிநாசி ரோடு வரைக்கும் கார்கள், எல்லாம் எலெக்ட்ரிக் கார்கள். வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர்கள், காலேஜ் புரொபசர்கள், பம்ப்செட் பட்டறை முதலாளிகள். கையில் கயிறு கிடையாது, காருக்குள் எலுமிச்சம்பழம் கிடையாது. மூடநம்பிக்கை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் வருகிற வியாதி என்று நம்புகிறவர்கள்.

அவர்கள் பார்க்க வந்தது கதிர்வேலை. யூடியூபில் ‘நிரூபிச்சுக் காட்டு’ என்று சேனல் நடத்துகிறவர். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, எட்டு லட்சம் ரசிகர்கள். வெறுங்கையில் விபூதி வரவழைத்த ஒரு சாமியாரை மூன்று வருடத்துக்கு முன் கேமரா முன்னால் கையும் களவுமாகப் பிடித்தவர். நல்ல வீடியோ அது. நானே நாலு பேருக்கு அனுப்பினேன். ஒரு தடவை உண்மை சொன்னவர் ஆயுசுக்கும் உண்மைதான் சொல்வார் என்று அன்றைக்கே எட்டு லட்சம் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவைத்தான் கதிர்வேல் இப்போது பெட்டியில் அடைத்து விற்றார்.

சோப்பு டப்பா அளவு பெட்டி. பெயர் ‘எலெக்ட்ரான் சுத்திகரிப்பான்’. காரில் சார்ஜ் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

“நம்ம ஊட்டுக்கு வர்ற கரண்டு கலப்படக் கரண்டுங்க” என்றார் மேடையில். “காத்தாடிக் கரண்டு, அனல் கரண்டு, அணு கரண்டு, தண்ணிக் கரண்டு. நாலையும் கலந்து குடிச்சா உங்க வயிறு தாங்குமுங்களா? பேட்டரி மட்டும் எப்படித் தாங்கும்? இந்தப் பெட்டி பிரிச்சு, சுத்தம் பண்ணி அனுப்புது. நாற்பது சதவீதம் அதிகமா ஓடும். நம்பாதீங்க. நிரூபிச்சுப் பாருங்க.”

நம்பாதீங்க என்றதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

முன்வரிசையில் இருந்தவர் கந்தப்பன். வெள்ளகோவிலில் முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கிறார். புதுக் கார் வாங்கியபோது மனைவி சென்னியம்மாள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனதற்கு, சேனல் பார்த்துத் திருந்தச் சொல்லி ஒரு மணி நேரம் பேசியவர். ஒன்பதாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கினார். கூடவே ஒரு தாள் வந்தது. பெட்டியை மாட்டிய முதல் ஒரு வாரம் காரை நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. ஏசி போடக் கூடாது. சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது. பெட்டியும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம்.

கந்தப்பன் பத்தியம் இருந்தார். வியர்க்க வியர்க்க, டிவிஎஸ் எக்ஸெல்கள் முந்திப் போகப் போக, ஒரு வாரம். எட்டாம் நாள் முழுச் சார்ஜ் போட்டதும் காரின் திரையில் ‘412 கி.மீ.’ என்று வந்தது. வாங்கிய நாளிலிருந்து முந்நூறைத் தாண்டாத திரை அது.

“பாத்தியா? இதுதான் சயின்ஸு” என்றார் மனைவியிடம்.

“பெட்டி பண்ணுச்சுங்களா, நீங்க மாட்டு வண்டியாட்டம் ஓட்டுனது பண்ணுச்சுங்களா?” என்று சென்னியம்மாள் கேட்டார். வீட்டுக்காரி கேட்பதற்கெல்லாம் விஞ்ஞானத்தில் பதில் இருக்காது என்று கந்தப்பன் விட்டுவிட்டார்.

அதே மெதுவில் இரண்டு நாள் கொடுமுடி, ஈரோடு, கரூர் என்று சுற்றினார். திரையில் மீதி நூற்று அறுபது. மறுநாள் காலை மகள் புவனாவுக்குக் கோவையிலிருந்து பெங்களூருக்கு விமானம். மூன்று சுற்றுத் தேறி, கடைசி நேர்காணல். விமான நிலையம் எண்பது சொச்சம் கிலோமீட்டர்தான். சார்ஜ் எதற்கு?

கிளம்பத் தாமதம். கந்தப்பன் ஏசியை முழுக்க வைத்து நூற்றுப்பத்தில் விரட்டினார். பத்து கிலோமீட்டர் போனால் திரையில் இருபது குறைந்தது. பல்லடத்தில் சார்ஜிங் ஸ்டேஷனைப் பார்த்து புவனா, “அப்பா, பத்து நிமிசம் போட்டுக்கலாமுங்க” என்றாள்.

“பெட்டி இருக்குது கண்ணு.”

சூலூர் தாண்டியதும் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. அடுத்த ஒரு கிலோமீட்டர் கார் ஆமையாகவே போய், ஒரு பேக்கரி வாசலில் நின்றுவிட்டது. விமானக் கதவு மூட ஐம்பது நிமிடம். புவனா அழுதுகொண்டே போனில் டாக்சி தேடினாள்.

வந்ததும் ஒரு எலெக்ட்ரிக் கார்தான், அதே மாடல். ஓட்டியவர் உம்மல் குல்சும். கோவை கோட்டைமேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். நிலைமையைக் கேட்டார். புவனாவின் பையைத் தூக்கிக் காரில் போட்டார். கந்தப்பனும் ஏறிக்கொண்டார். இருபது நிமிடத்தில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். புவனா ஓடினாள். கடைசி ஆளாக உள்ளே போய்விட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் கந்தப்பனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் முதல் வேலையாகக் காரைத் திட்டினார்.

“பெட்டி நல்ல பெட்டிங்க அம்மணி. காருதான் கோளாறு.”

குல்சும் கதையைக் கேட்டுக்கொண்டார். “அண்ணா, அந்தத் திரையில வர்றது காரோட கணக்குங்க. நீங்க நேத்து ஓட்டுன மாதிரியே இன்னைக்கும் ஓட்டுவீங்கன்னு அது நெனைச்சுக்குது. நான் ஊட்டியில இருந்து இறங்கி வந்து சார்ஜ் போட்டா நானூறு காட்டும். ஊட்டிக்கு ஏறிட்டுப் போட்டா இருநூறுதான் காட்டும். பேட்டரி அதேதான்.”

“நீங்க டிரைவருங்க. அவரு விஞ்ஞானிங்க.”

“சரிங்க. என்னை நம்ப வேண்டாம். பெட்டியத் திறந்து பாக்கலாமுங்களா?”

“திறந்தா கேரண்டி போயிருமுங்க.”

“கேரண்டி பேக்கரி வாசல்லயே போயிருச்சுங்களே அண்ணா.”

சூலூருக்குத் திரும்பியதும் கந்தப்பன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். குல்சும் ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி, அந்தச் சிவப்பு விளக்கு. மிச்சமெல்லாம் ஆற்று மணல்.

கந்தப்பன் மணலை உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறிப் பார்த்தார். “மணலுக்குள்ள ஏதாச்சும் சயின்ஸு இருக்குமுங்க” என்றார்.

குல்சும் சிரிக்கவில்லை. “இருக்கலாமுங்க. அப்ப மணலையும் எடுத்துப்போட்டு, என் வண்டியில மாட்டி ஒரு வாரம் பாப்போம். பெட்டி எங்கிட்ட இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வாங்க.”

அந்த வாரம் குல்சும் டாக்சியில் ஏறியவர்கள் பாவம். காந்திபுரத்தில் ஏறிய ஒருவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, ஏசி போட மாட்டீங்களா?”

“வண்டி பத்தியத்துல இருக்குதுங்க. பாதிக் காசு குடுங்க போதும்.”

அடுத்த கூட்டம். அதே மண்டபம், முன்னைவிடக் கூட்டம். பலன் கண்டவர்கள் காரோடு வரலாம் என்று கதிர்வேல் அறிவித்திருந்தார். வாசலில் வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் திரையையும் கேமரா படம் பிடிக்க, மைக்கோடு அவர். குல்சும் காருக்கு வந்தார். திரையில் 405.

“பாருங்க, டாக்சி ஓட்டுற ஒரு சகோதரி. வாடகை வண்டியிலயே நானூத்தியஞ்சு.” பெட்டியின் பக்கத்தில் ஒரு மீட்டரைப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது. “மின்புலம் தொண்ணூத்தியாறு சதவீதம். பெட்டியும் பேட்டரியும் நல்லா ஒட்டியிருக்குதுங்க.”

கைதட்டல். கூட்டத்தில் நின்ற கந்தப்பனும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

“நல்லாப் பாத்துட்டீங்களா சார்?” என்று குல்சும் கேட்டார்.

“நூறு சதவீதம் உறுதிங்க.”

குல்சும் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, கேமராவுக்கு நேராகக் கவிழ்த்தார். வறுத்த நிலக்கடலை கொட்டியது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “ஒரு வாரமா இதைத்தான் மாட்டியிருந்தேனுங்க. உள்ள இருந்த மணல் இந்தக் கவர்ல இருக்குது. உங்க தாள்ல சொன்னபடி மெதுவா, ஏசி இல்லாம ஓட்டுனேன். நானூத்தியஞ்சு வந்துருச்சு. கடலை பண்ணுன வேலைங்களா சார் இது?”

ஒரு புரொபசர் தன் காரிலிருந்த பெட்டியைச் சாவியால் நெம்பினார். மணல். பக்கத்துக் காரில் இன்னொன்று. அதிலும் மணல். கொஞ்ச நேரத்தில் மண்டப வாசலில் ஒரு சுவர் பூசுகிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

கதிர்வேல் லேசில் விடுகிறவரா? கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு சிரித்தார். “அருமை. இதுக்குத்தான் காத்திருந்தேன். இது ஒரு விழிப்புணர்வுச் சோதனைங்க. யாராச்சும் கேள்வி கேக்கறீங்களான்னு பாத்தேன்.”

பாதிக் கூட்டம் அதையும் நம்பத் தயாராகத் தலையாட்டியது. அப்போது கந்தப்பன் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஏனுங்க, சோதனைன்னீங்களே. என்ற பொண்ணு நாலு வருசம் படிச்சு வாங்குன வாய்ப்புங்க அது. ரோட்டுல நின்னு அழுதுட்டு இருந்தா. அவளும் உங்க சோதனையில சேத்திங்களா?”

மைக் அணைந்தது. சிரிப்பும் நின்றுவிட்டது. கதிர்வேல் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்து நடந்தபோது, அங்கே பம்ப்செட் பட்டறைக்காரர்கள் நாலு பேர் ரசீதோடு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சேனலில் அன்றைக்கு வீடியோ வரவில்லை. மறுநாள் போலீஸ் வந்தது.

புவனாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கந்தப்பன் காரில் ஏசி போட்டுக்கொள்கிறார், பல்லடத்தில் சார்ஜும் போட்டுக்கொள்கிறார். சென்னியம்மாளிடம் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்குள் குல்சுமைச் சுற்றி இன்னொரு கூட்டம் சேர்ந்துவிட்டது. செல்ஃபி எடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்கு என்ன சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டார். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒரு மேனேஜர் இரண்டு கையையும் கூப்பிச் சொன்னார்: “அம்மணி, நீங்க ஒரு சேனல் ஆரம்பிங்க. இனிமேல் நீங்க என்ன சொன்னாலும் கண்ணை மூடிட்டு நம்புவோமுங்க.”

குல்சும் கார் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்: “கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நம்ப முடியாதுங்களா?”

மேனேஜர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, நேரம் பிடிக்கும். ஆனால் யோசிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.